பம்பைக் கழற்ற முன்னம் ஒரு வக்கூம் கேஜ்: இரட்டைத் தாங்கி டீசல் பிக்கப்புக்கு எந்தச் செட் உதவும்?

பாரம் ஏற்றிய பழைய டீசல் பிக்கப் பாதி வழியில் இழுவை விட்டால் கராச்சில் முதலில் வருகிற தீர்ப்பு, "பம்ப் போயிட்டுது" என்பதுதான். அதன் பிறகு டீசல் பம்பைக் கழற்றி, பெஞ்சில் ஏற்றி, சீல் கிட் மாற்றி, திரும்பப் பூட்டி, ரைமிங் வைத்து முடிய வண்டி நாட்கணக்கில் நின்றுவிடும். பூட்டின பிறகும் அதே வருத்தம் இருந்தால்தான் பிழை பம்பில் இல்லை என்பது விளங்கும். கழற்ற முன்னம் அரை மணித்தியாலம் ஒதுக்கி ஒரு சோதனை செய்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம். அதற்கு வேண்டிய மலிவான கேஜ் செட்டைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

கடையில் "பியூவல் பம்ப் ரெஸ்ரர்" என்று கேட்டால் இரண்டு வகையை எடுத்து வைப்பார்கள். ஒன்று பெரிய பிளாஸ்டிக் பெட்டி: 0 முதல் 140 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ், பத்துப் பதினைந்து பித்தளை இணைப்புகள், அழுத்தத்தை வெளியேற்றும் பொத்தான். பிஎஸ்ஐ என்பது அழுத்த அளவு. மற்றது சின்னப் பெட்டி: ஒரே முகத்தில் வக்கூம் (உறிஞ்சல்) 0 முதல் 30 அங்குலப் பாதரசம் வரையும் அழுத்தம் 0 முதல் 10 பிஎஸ்ஐ வரையும் காட்டும் கேஜ், ஒரு றப்பர் ஹோஸ், ஒன்றிரண்டு ரீ இணைப்பு (மூன்று வாய் உள்ள T வடிவத் துண்டு). பெட்டியின் மேலுள்ள பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சாமான். பார்வைக்குப் பெரிய பெட்டிதான் எடுப்பாக இருக்கும். பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவருக்கு வேண்டியது சின்னப் பெட்டி.

பெரிய செட் இன்ஜெக்ஷன் உள்ள பெற்றோல் வண்டிகளுக்கானது. எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த இன்ஜெக்ஷன் ஃபோர்ட் எஃப் வரிசைப் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எரிபொருள் தாங்கிக்குள்ளும் ஒவ்வொரு தாழ் அழுத்தப் பம்ப், சட்டத்தில் பொதுவாக ஒரு உயர் அழுத்தப் பம்ப், இன்ஜெக்டர் பைப்பில் ஏறக்குறைய 35 முதல் 45 பிஎஸ்ஐ. அங்கே அந்தப் பெரிய கேஜ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் யாழ்ப்பாணத்தில் இரட்டைத் தாங்கி என்றால் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களோடு வந்து பிறகு கைமாறிய ரொயோட்டா லாண்ட் குரூசர் 75, 79 வரிசைகள். இல்லாவிட்டால் இரண்டாவது தாங்கியை உள்ளூரில் வெல்ட் பண்ணிப் பூட்டிய ஹைலக்ஸ். லாண்ட் குரூசரின் 1எச்இசட் இஞ்சினாக இருந்தாலும் ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் ஆக இருந்தாலும் தாங்கிக்குள் மின்பம்ப் கிடையாது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் வி.ஈ. வகை றோட்டரி பம்புக்குள்ளேயே இருக்கிற சிறிய தகட்டுப் பம்ப்தான் பின்னால் இருக்கும் தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் அழுத்தம் இல்லை, உறிஞ்சல் மட்டுமே உண்டு. 140 பிஎஸ்ஐ கேஜை அதில் மாட்டினால் முள் அசையாது.

தோட்டத்துக் கிணற்றில் வோட்டர் பம்ப் வைத்திருப்பவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உறிஞ்சும் குழாயில் ஊசித் துவாரம் விழுந்தாலும் புட் வால்வில் சருகு அடைத்தாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. அதற்காக ஒருவரும் மோட்டாரை றிவைண்ட் பண்ணக் கொடுப்பதில்லை. டீசல் வண்டிக்கும் இதே நியாயம்தான், ஆனாலும் ஏனோ வண்டி என்றவுடன் கை நேரே பம்புக்குப் போகிறது.

கேஜை வாங்கியவுடன் அது உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். மலிவுச் செட்டில் இதுதான் பெரிய ஐயம். மேசன்மார் மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாயில் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) இரண்டரை மீற்றர் வாங்கித் தண்ணீரால் நிரப்பி, ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் கேஜை மாட்டி, வாளி நீர்மட்டத்திலிருந்து சரியாக 2 மீற்றர் உயரத்தில் பிடியுங்கள். ஒரு மீற்றர் நீர் 2.9 அங்குலப் பாதரசத்துக்குச் சமம். கேஜ் ஏறக்குறைய 5.8 காட்டவேண்டும். அரை அங்குலம் கூடிக் குறைந்தால் பரவாயில்லை, 4 அல்லது 8 காட்டினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அழுத்தப் பக்கத்தை வீட்டு மேல்தொட்டியின் கீழ்ப் பைப்பில் பார்க்கலாம். தண்ணீர் மட்டம் கேஜுக்கு 5 மீற்றர் மேலே இருந்தால் முள் 7 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். கழற்றிய பிறகு முள் பூச்சியத்துக்குத் திரும்பாத கேஜும் இந்த வகையில் உண்டு. அதைக் கடையில் வைத்தே வாயால் உறிஞ்சிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், புதுக் கேஜ்தானே.

இனிச் செட்டின் பலவீனம். அதோடு வருகிற ரீ இணைப்பு மெல்லியது. இந்த வண்டிகளின் டீசல் ஹோஸ் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் உள்விட்டம். மெல்லிய ரீயைப் போட்டால் ஹோஸ் தளர்ந்து காற்றை இழுக்கும். இறுக்கிப் பூட்டினாலும் அதன் சின்ன வாயே ஒரு தடையாகிப் பொய்யான வக்கூமைக் காட்டும். இல்லாத நோயைச் சோதனைக் கருவியே உண்டாக்கிவிடும். ஆகவே 8 மில்லிமீற்றர் பித்தளை ரீ ஒன்றும், புழு ஆணி வைத்த புதுக் கிளிப் ஆறும் தனியாக வாங்குங்கள். செட்டிலுள்ள றப்பர் ஹோஸும் டீசலில் ஊறினால் தடித்து மிருதுவாகிவிடும். டீசலுக்கு என்று விற்கும் ஹோஸில் அரை மீற்றர் வாங்கி அதை மாற்றினால் கேஜ் கனகாலம் உழைக்கும். கூடவே அந்தக் கண்ணாடிக் குழாயில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றர். சோதனை நேரத்துக்கு மட்டும்தான் அது. டீசலில் கிடந்தால் இறுகி வெடிக்கும், வண்டியில் நிரந்தரமாக விடக்கூடாது.

மாட்டவேண்டிய முதல் இடம் பில்ற்றருக்கும் பம்புக்கும் இடையில். கண்ணாடிக் குழாயையும் ரீயையும் அடுத்தடுத்து வைத்து, கேஜை பொனற்றுக்கு வெளியே முள் தெரிகிற மாதிரிக் கட்டுங்கள். பில்ற்றர் தலையிலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அமத்தி, ஸ்ராட் பண்ணி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். குழாய் மாட்டும்போது புகுந்த காற்று அதற்குள் போய்விடும். அவசரப்பட்டு முதல் குமிழியைக் கண்டவுடன் "காற்று இழுக்குது" என்று சொல்பவர்கள் அதிகம்.

அளவுகளை எப்படி வாசிப்பது? டீசலை ஒரு மீற்றர் உயர்த்த மட்டும் ஏறக்குறைய 2.4 அங்குல வக்கூம் வேண்டும். தாங்கியின் அடி பம்பைவிட அரை மீற்றர் தாழ்வாக இருந்தால் 1.2 அங்குலம் அதிலேயே போகும். ஆகவே ஐடிலில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல் ஓடும்போது) 1 முதல் 3 வரை காட்டினால் வண்டி சுகம். முழு வேகத்தில் முறுக்கும்போது 5, 6 வரை ஏறலாம். 8ஐத் தாண்டினால் எங்கேயோ அடைப்பு. 10க்கு மேல் போனால் டீசலில் கரைந்திருக்கும் காற்றே நுரையாகப் பிரியத் தொடங்கும். அப்போது குழாயில் குமிழி தெரியும், ஆனால் அது வெளியிலிருந்து வந்த காற்றல்ல. வக்கூம் குறைவாகவும் குமிழி ஓயாமலும் இருந்தால் காற்று ஒழுக்கு. வக்கூம் கூடிக் குமிழியும் இருந்தால் முதலில் அடைப்பைத் தேடுங்கள். கண்ணாடிக் குழாயை மட்டும் நம்புபவர் தவறுவது இந்த இடத்தில்தான். கேஜுக்குக் காசு கொடுப்பதற்கு இந்த ஒரு காரணமே காணும்.

அடைப்பு என்றால் ரீயைப் பில்ற்றருக்கு முன்பக்கம், தாங்கியிலிருந்து வரும் பைப்பில் மாற்றுங்கள். பம்புப் பக்கம் 9, தாங்கிப் பக்கம் 2 என்றால் பில்ற்றரை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டு பக்கமும் 9 என்றால் பில்ற்றர் குற்றமற்றது.

இரண்டு தாங்கி இருப்பது பலருக்குத் தலையிடி. சோதிப்பவருக்கு அது வசதி. ஒரே பம்ப், ஒரே பில்ற்றர், இரண்டு ஊற்று. மெயின் தாங்கியில் ஒரு வாசிப்பு, சுவிச்சை மாற்றிச் சப் தாங்கியில் ஒரு வாசிப்பு. இரண்டிலும் ஒரே வருத்தம் என்றால் தாங்கியை மாற்றிவிடும் மாற்று வால்வுக்குப் பம்புப் பக்கம் தேடவேண்டும்: பில்ற்றர், கைப்பம்ப், பம்ப். ஒன்றில் மட்டும் என்றால் வால்வுக்குத் தாங்கிப் பக்கம். அமெரிக்க பெற்றோல் பிக்கப்புக்கும் இதே தர்க்கம் பொருந்தும், அங்கே வக்கூமுக்குப் பதில் அழுத்தம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பம்பில் கைவைக்கிற பாஸிடம் (மெக்கானிக்கிடம்) வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மாற்று வால்வு தனியாகக் கவனிக்கவேண்டிய சாமான். கம்பனியிலிருந்து வந்த அமைப்பில் அது போகும் டீசலையும் திரும்பி வரும் டீசலையும் சேர்த்தே மாற்றுகிறது. றோட்டரி பம்ப் தான் இழுத்த டீசலில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்புவதால் இது முக்கியம். வால்வின் திரும்பும் பக்கம் இறுகிவிட்டால் மெயினிலிருந்து எடுத்ததைச் சப் தாங்கிக்குள் ஊற்றிக்கொண்டிருக்கும். மெயின் மளமளவென்று இறங்கும், சப் மூடி வழியே வழியும். உரிமையாளர் "வண்டி டீசல் குடிக்குது" என்பார். உள்ளூரில் பூட்டிய அமைப்புகளில் சீற்றுக்கு அடியில் ஒரு மூன்றுவழிப் பித்தளைக் கொக் (கையால் திருப்பும் வால்வு) மட்டும் இருக்கும், திரும்பும் பைப் எப்போதும் மெயினுக்கே போகும். சப் தாங்கியில் ஓட்டினால் மெயின் நிரம்பி வழிவது அங்கே பழுதல்ல, அமைப்பே அப்படி. அந்தக் கொக்கின் துவாரத்தையும் பாருங்கள். தண்ணீருக்கான கொக்கைப் பூட்டி, 5 மில்லிமீற்றர் வழியால் 4.2 லீற்றர் இஞ்சினுக்கு டீசல் கொடுக்கப் பார்த்தால் கேஜ் ஐடிலிலேயே முறைப்பாடு சொல்லும். மின்வால்வு என்றால் ஒருவர் சுவிச்சைத் தட்ட, மற்றவர் சட்டத்துக்கு அடியில் கையை வைத்துப் பார்க்கவேண்டும். டாஷ் மானி மாறுவதை வைத்து வால்வும் மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம், மானிக்குப் போகும் வயர் வேறு.

ஒரே தாங்கியில் மட்டும் வருத்தம் என்றால் கேஜ் காட்டும் விதத்திலேயே பாதி விடை இருக்கும். ஸ்ராட் பண்ணும்போது 2, இருபது நிமிடத்தில் 5, அரை மணியில் 9 என்று மெல்ல மெல்ல ஏறினால் தாங்கியின் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறது. மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போகும், முள்ளும் விழும். செம்மண் புழுதியும் குளவிக்கூடும் இங்கே சாதாரணம். கூடு கட்டும் குளவிக்கு 6 மில்லிமீற்றர் றப்பர் வாய் நல்ல வீடு. துவாரமில்லாத மாற்று மூடியும் இதே வேலையைச் செய்யும். தாங்கி நிரம்பியிருக்கும்போது சுகமாக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியவுடன் குமிழி வந்தால் தாங்கிக்குள் இறங்கும் உறிஞ்சு பைப்பில் துரு ஓட்டை போட்டிருக்கிறது. குருநகர், காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் இதை முதலிலேயே சந்தேகிக்கலாம். உப்புத் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேரே கீழேதான் தாங்கியின் தலையும் பைப்புகளும் இருக்கின்றன. வேகம் கூட்டும்போது வக்கூம் பாய்ந்து ஏறி, ஐடிலில் மெதுவாக இறங்கினால் தாங்கி அடியிலுள்ள வலைப் பை கறுப்புக் களியால் மூடியிருக்கும்.

அந்தக் களி பெரும்பாலும் சப் தாங்கியில்தான். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும், பாவிக்காமல் மாதக்கணக்காகக் கிடக்கும் தாங்கி அதற்குத் தோதான இடம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடான கியூஆர் கோட்டாக் காலத்தில் சப் தாங்கியைச் சேமிப்புத் தொட்டியாக வைத்திருந்தவர்கள் அதை ஒருக்கால் அடிவரை வடித்துப் பார்ப்பது நல்லது. வடிகால் ஆணியைத் திறந்து முதல் ஒரு லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

காற்று ஒழுக்கு என்று முடிவானால் சவர்க்காரத் தண்ணீரைப் பூசிக்கொண்டு நிற்காதீர்கள். இஞ்சின் ஓடும்போது பைப் உள்ளே இழுக்கிறது, நுரை வராது. சந்தேகமான இணைப்பு ஒவ்வொன்றிலும் தடிப்பாகக் கிறீஸ் அப்பிவிட்டுக் கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். குமிழி நிற்கிற இடத்தில் கள்ளன் பிடிபடுவான். அல்லது இஞ்சினை நிறுத்தி, பைப்பின் ஒரு பக்கத்தை அடைத்து, சைக்கிள் பம்பால் 3 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று ஏற்றினால் டீசல் வெளியே கசியும். சின்னக் கேஜின் அழுத்தப் பக்கம் உதவுவது இங்கேதான். கொம்பிரசரைத் தாங்கியில் நேரே வைக்கவே கூடாது, தகரம் ஊதிப் போகும். அடிக்கடி பிடிபடுகிறவை: கைப்பம்பின் உள் றப்பர், திரும்பத் திரும்பப் பாவித்த செப்பு வாசர், தாங்கித் தலையிலுள்ள வெடித்த ஹோஸ். கைப்பம்பை இறுகும்வரை அமத்திவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி அமத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. காலையில் வண்டியின் மூக்கைத் தாழ்வாக நிறுத்தினால் சுகமாக ஸ்ராட் ஆகிறதா என்று பார்க்கவும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? பின்பக்கத்தை ஜக்கில் ஏற்றி இரவு முழுக்க மரக்கட்டையில் இருத்தவேண்டியதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்து வண்டி மட்டும் இழுக்காவிட்டால் இனிப் பம்பைக் குற்றம் சாட்டலாம். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான 5 லீற்றர் கானில் வடிகட்டிய டீசல், அதிலிருந்து ஒரு ஹோஸ் சின்ன இன்லைன் பில்ற்றர் வழியாக நேரே பம்புக்கு, பம்பின் திரும்பும் ஹோஸ் அதே கானுக்குள். திரும்பும் ஹோஸைத் தாங்கியிலேயே விட்டால் கான் எதிர்பாராத வேகத்தில் காலியாகும். கானை முன் ரயருக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்து ஓட்டுங்கள். சுகமாக ஓடினால் பம்ப் நல்லது, பிழை வண்டியின் பைப்பில். நிலத்தில் வைத்தால் தடுமாறி, பம்பைவிட உயரத்தில் பிடித்தால் சுகமாக ஓடினால் உள்ளிருக்கும் தகட்டுப் பம்ப் தேய்ந்திருக்கிறது அல்லது தண்டுச் சீல் காற்றை இழுக்கிறது. பம்பைக் கழற்றலாம். உயரத்தில் பிடித்தும் மாற்றமில்லை என்றால் பம்பின் உயர் அழுத்தப் பக்கம், இன்ஜெக்டர், ரைமிங் என்று வேறு கதை. பலர் செய்கிற பிழை, கானைப் பொனற்றில் கட்டி மேலிருந்து விழவிட்டு "பம்ப் நல்லம்" என்று முடிவுகட்டுவது. புவியீர்ப்பே பாதி வேலையைச் செய்துகொடுத்துவிடுகிறதே.

பெற்றோல் வண்டியில் திறந்த கான் சோதனை வேண்டவே வேண்டாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் போத்தல் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஒருவகையில் இரட்டைத் தாங்கி வண்டிகள்தான். அதைக் கண்ட பாஸ்மாருக்கு இந்த எச்சரிக்கை சிரிப்பாக இருக்கும். ஆனாலும் அது வேறு வழியில்லாத காலம். காபரேற்றரும் இஞ்சினோடு ஓடும் மெக்கானிக்கல் பம்பும் உள்ள பழைய பெற்றோல் பிக்கப்புக்குச் சின்னக் கேஜின் மறுபக்கமே காணும்: காபரேற்றருக்குப் போகும் பைப்பில் ரீயைப் பூட்டி ஐடிலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ.

ஸ்ராட்டே ஆகாத வண்டியில் கேஜை எடுக்க முன்னம் பம்பின் மேலிருக்கும் டீசல் கட் சொலனோயிட்டை (மின்சாரத்தால் டீசல் வழியைத் திறந்து மூடும் வால்வை) பாருங்கள். திறப்பைத் திருப்பும்போது "டக்" என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அதன் வயரில் மின்சாரம் வருகிறதா என்று மீற்றரால் பார்க்கவேண்டும், வண்டி 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று தெரிந்துகொண்டு. பம்ப் கழற்றப்பட்ட வண்டிகளில் பின்னர் இழுவை இல்லாமல் போவதற்கு இன்னொரு சின்னக் காரணமும் உண்டு: பம்பின் உள்வரும் ஆணியும் வெளிச்செல்லும் ஆணியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வெளிச்செல்லும் ஆணிக்குள் மட்டும் ஊசித் துவாரம். இடம் மாறிப் பூட்டினால் பம்புக்குள் அழுத்தம் கட்டாது, டீசலும் போதாது. அந்த ஆணியின் தலையில் "அவுட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். ஒரு ரோர்ச் போதும், கேஜும் வேண்டாம்.